மண்டபத்துக்குள் மக்கள்: கட்டடப் படங்களில் கூட்டத்தை இயல்பாகச் சேர்ப்பது எப்படி?

[திரையில்: ஆட்கள் இல்லாத மண்டபத்தின் முகப்பு]

வணக்கம். நீங்கள் காண்பது, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயிலை ஒட்டிக் கட்டத் திட்டமிட்ட ஒரு சமுதாய மண்டபத்தின் முப்பரிமாணப் படம். சுவர், கூரை, கல்தளம் எல்லாம் சரியாக இருந்தும், இந்த மண்டபம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. வாசற்கதவு ஏழடியா, பத்தடியா என்பதைக் கண் தீர்மானிக்க, அருகில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஒருவரைச் சரியாக நிறுத்துவதையும், பிறகு நூறு பேரை நிறைப்பதையும் இன்று பார்ப்போம்.

கண்மட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான படங்கள் இங்கேதான் கெடுகின்றன. 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதிய இத்தாலியர் லியோன் பாட்டிஸ்டா ஆல்பெர்ட்டி, கண்மட்டத்தைக் குறிக்கும் தொடுவானக் கோட்டை ஓவியத்தில் உள்ள மனிதரின் உயரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்றார். அதன் பயனைக் கணினியிலும் காணலாம். கேமராவைத் தரையிலிருந்து 160 சென்டிமீட்டர் உயரத்தில், சாய்க்காமல் நேராக வைத்தால், சமதரையில் நிற்கும் பெரியவர்கள் அனைவரின் கண்களும், அவர்கள் பக்கத்தில் இருந்தாலும் தெருக்கோடியில் இருந்தாலும், ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும். தள்ளிப் போகப் போகக் கால்கள் மட்டுமே மேலேறும். பிள்ளைகளின் தலை கோட்டுக்குக் கீழேயும், படிக்கட்டில் நிற்பவரின் தலை மேலேயும் இருக்கும். ஆள் உருவத்தைக் கண்ணளவாகச் சுருக்கி ஒட்டுகிறவர்கள் இந்தக் கோட்டை மறந்துவிடுவதால்தான், சில படங்களில் மனிதர்கள் குள்ளராகவோ, தரைக்கு மேல் மிதப்பவராகவோ தெரிகிறார்கள்.

அடுத்து, ஆட்களை எங்கிருந்து எடுப்பது? வெட்டியெடுத்த ஆள் உருவங்களை இலவசமாகத் தரும் தொகுப்புகள் இணையத்தில் பல உண்டு. சுவீடனைச் சேர்ந்த ஸ்கால்குப்பர் அவற்றில் உலகெங்கும் பெயர்பெற்றது. ஆனால், அதில் இருப்பவர்கள் குளிர்நாட்டு மக்கள். கோட்டும் கழுத்துத்துணியும் அணிந்தவர்கள் எல்லா ஊர்ப் படங்களிலும் நடக்கத் தொடங்கியதால்தான், பிற மக்களின் உருவங்களைத் திரட்டும் நான்ஸ்கேண்டினேவியா போன்ற தொகுப்புகள் பின்னர் தோன்றின. நம் ஊர்க் கடைத்தெருவுக்கு இவை எவையும் முழுமையாகப் போதா. கைலி கட்டிப் பசியாற வரும் பெரியவர், வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் அணிந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, பாஜு கூரோங் உடுத்திய மலாய்ப் பெண், கப்சாய் மோட்டாரில் ஒரு காலை ஊன்றியபடியே பேசும் இளைஞர், தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் வங்காளதேசத் தொழிலாளி ஆகியோரை நாமேதான் படம்பிடிக்க வேண்டும். அனுமதி கேட்டுப் பிடியுங்கள். கேமராவைக் கண்மட்டத்தில் வையுங்கள். உங்கள் காட்சியில் வெயில் எந்தப் பக்கமோ அதே பக்கத்திலிருந்து அவர்மீது படட்டும்.

[திரையில்: மண்டபத்தின் வாசற்படி, நெருக்கத்தில்]

இந்த மண்டபத்தின் முதல் படத்தைக் குழுவினரிடம் காட்டியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ அறுபது பேரை வைத்திருந்தேன். நிழல், உடை, உயரம் எல்லாம் பொருந்தியிருந்தன. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "செருப்ப எங்க தம்பி கழட்டுறது?" என்று கேட்டார். என் படத்தில் எல்லோரும் செருப்போடும் சப்பாத்தோடும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் அறுபது பேர் செருப்பைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அன்றிரவு வைத்துப் பார்த்தேன். ஒரு சோடிக்கு ஓரடி அகலம் என்று கணக்கிட்டாலும், படிக்கட்டு முழுவதும் செருப்பாகி, சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் வாயும் அடைபட்டது. கட்டடக் கலைஞர் வரைபடத்தைத் திருத்தி, இடது சுவரோரம் செருப்புத் தட்டும், முதியவர்கள் அமர்ந்து கழற்ற ஒரு திண்ணையும் சேர்த்தார். படத்தில் ஆட்களைச் சேர்ப்பதை அலங்கார வேலை என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இனி வெயில். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 முதல் உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது. சுங்கை சிப்புட் 101 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியிருப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, சுமார் 1:15க்கு. மார்ச் மாதப் பிற்பகுதியின் உச்சிப்பொழுதில் 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் நிழல் ஒரு சாணுக்கும் குறைவு. அந்த நேரத்தில் திறந்தவெளியில் கூட்டம் நிற்பதாகக் காட்டினால் ஊர்க்காரர் எவரும் நம்பமாட்டார். மாலை ஐந்தரைக்கு அதே நிழல் ஆள் உயரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காக நீளும், மக்களும் வெளியே வருவார்கள். மென்பொருளில் ஊரின் இருப்பிடத்தையும் நேர மண்டலத்தையும் சரியாகக் கொடுத்தால் இது தானே அமையும். தட்டையான படத்தை ஆளாக நிறுத்தும்போது மட்டும் கவனம் தேவை: வெயில் பக்கவாட்டில் இருந்தால் நிழல் வெறும் கோடாகிவிடும். அதே உருவத்தின் நகல் ஒன்றைக் கேமராவுக்குத் தெரியாதபடி செய்து, சூரியனை நோக்கித் திருப்பி வைத்து, நிழலை அதிலிருந்து மட்டும் விழச் செய்யுங்கள்.

அசையும் படத்துக்கு அனிமா போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இவ்வகைக் கருவிகளுக்குப் பின்னால் உள்ள சிந்தனை பழையது. பறவைக் கூட்டத்தின் ஒவ்வொரு பறவையும் அண்டையிலுள்ளவற்றை மட்டும் பார்த்துப் பறப்பதாகக் கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் கணினியில் காட்டினார். பாதசாரிகள் ஒருவரையொருவர் விலக்கும் விசையால் நடப்பதாக டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் 1995இல் கணக்கிட்டார்கள். நமக்கு வேண்டியது இரண்டு எச்சரிக்கைகள். நூறு பேரும் ஒரே நடையைத் திரும்பத் திரும்ப நடப்பதால், ஒவ்வொருவரின் தொடக்க நொடியையும் மாற்றாவிட்டால் அணிவகுப்பாகிவிடும். மேலும், விநாடிக்கு சுமார் 1.3 மீட்டர் என்னும் வழக்கமான வேகம் தனியாக நடப்பவருக்கு உரியது. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துவரும் பாட்டிக்கு அதில் பாதி போதும்.

கடைத்தெருவின் அஞ்சடிக்கும், அதாவது கடைகளின் முன்னே கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதைக்கும், ஓர் அளவு உண்டு. நின்றிருக்கும் ஒருவருக்கு 45க்கு 60 சென்டிமீட்டர் நீள்வட்டம் வேண்டும் என்று பாதசாரிகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் புரூயின் 1971இல் வகுத்தார். ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர். எதிரெதிரே இருவர் வந்தால் தாராளமாகக் கடக்கலாம். கடைக்காரர் ஒரு மூட்டையை வெளியே வைத்தால் ஒருவர் தெருவில் இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்கும் ஒருவரைப் படத்தில் வையுங்கள்.

[திரையில்: முழுமையான படம், கறுப்பு வெள்ளையில், பிறகு வண்ணத்தில்]

கடைசியாக ஒரு சோதனை. படத்தைக் கைப்பேசி அளவுக்குச் சுருக்கி, முதலில் கறுப்பு வெள்ளையிலும் பின்னர் வண்ணத்திலும் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் குறையில்லாதிருந்த இந்தப் படம், வண்ணத்துக்கு வந்ததும், வலது ஓரத்தில் சிவப்புச் சேலை கட்டிய அம்மாவிடம் கண்ணை இழுத்துப்போனது. அவரை அழிக்கவில்லை. புதிய திண்ணையில் உட்காரவைத்து, செருப்பின் வாரை அவிழ்ப்பதாகக் காட்டினேன். இப்போது கண் வாசலுக்கு வருகிறது.