பிஸ்டனில் காந்தம் ஒட்டவில்லையாம்!

வணக்கம் மக்களே. பின்னால் அப்பா கம்ப்ரஸரைப் போட்டிருக்கிறார், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் எனக்கு மதியச் சாப்பாடு கிடைக்காது.

போன வீடியோவில் இறக்கினோமே, ஜல்லி அடிக்கிற பழைய டிப்பரின் 697 இன்ஜின், அதற்குப் புது பிஸ்டன் கிட் வந்துவிட்டது. புதிதாக வந்திருப்பவர்களுக்காக: ஆறு சிலிண்டர், சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 97 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 128 மில்லிமீட்டர், பென்ஸ் வழி வந்த டாடா இன்ஜின். சரி, அந்தக் கிட்டைப் பிரித்து வைத்திருந்தேன். வண்டிக்காரர் வந்தார். நல்ல மனிதர், கூலியை இழுத்தடிக்காதவர். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்தார், பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காருகிற பள்ளம் இருக்கிறதே, காடி, அதில் முதலாவதில் வைத்தார். ஒட்டவில்லை. "பாப்பா, உன்னை ஏமாற்றிவிட்டார்கள். உள்ளே இரும்பு வளையமே இல்லை, இது டூப்ளிகேட்" என்கிறார்! வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லிக்கொடுக்கிற வீடியோ சுற்றுகிறதாம். அதை எடுத்தவர் மட்டும் என் கையில் கிடைத்தால்...

பொறுமையாகச் சொல்கிறேன். இந்த பிஸ்டனின் உடம்பு அலுமினியம், அதில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன். முதல் ரிங் உட்காரும் காடிதான் அதிகம் அடி வாங்கும் இடம். சூடு, அழுத்தம், போதாததற்கு ரிங்கும் மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருக்கும். வெறும் அலுமினியமாக விட்டால் காடி அகன்று ரிங் ஆட ஆரம்பித்துவிடும். அதனால் வார்க்கும்போதே ஒரு வளையத்தை உள்ளே வைத்து வார்க்கிறார்கள். அந்த வளையம் சாதாரண வார்ப்பிரும்பு அல்ல, நை-ரெசிஸ்ட். நிக்கல் மட்டும் சுமார் 15 சதவீதம் இருக்கும். ஏன் அவ்வளவு செலவு? சூட்டில் அலுமினியம் விரிவதில் ஏறக்குறைய பாதிதான் சாதாரண வார்ப்பிரும்பு விரியும். அப்படி இருந்தால் வளையம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். நிக்கல் சேர்ந்த வளையம் அலுமினியத்துக்குக் கிட்டத்தட்ட ஈடுகொடுத்து விரியும். அதே நிக்கலால்தான் அது காந்தத்துக்கு மசிவதில்லை. ஆக, ஒட்டாததுதான் சரி! பச்சென்று ஒட்டினால் அப்போது சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, இப்போது வருகிற சில பெரிய டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் முழுவதுமே எஃகு. அதில் காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டும். அதை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? சென்னை செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் இருக்கிறது. அங்கே போய்க் காந்தத்தை நீட்டினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? காடியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அலுமினியத்துக்கும் வளையத்துக்கும் நிறம் வேறு, சுற்றிலும் கோடு தெரியும். லேத் பட்டறை பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பாய் சொன்னால் எனக்கு அதுதான் சட்டம், தெரியுமல்லவா?

இப்போது விலைக்கு வருகிறேன். கிட்டின் விலை அல்ல, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சர்க்கிளிப்! பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோர்க்கிற உருளைதான் பின். அது இரண்டு பக்கமும் நழுவாமல் பிடிக்கிற அந்தக் கம்பி வளையம். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு, ஆறு பிஸ்டனுக்குப் பன்னிரண்டு. கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறேன்: பிஸ்டன் இருக்கிறது, பின் இருக்கிறது, ரிங் இருக்கிறது, பிஸ்டன் உள்ளே ஓடுகிற குழாயான லைனர் இருக்கிறது, கிளிப் இல்லை. கேட்டால் "அது தனிம்மா, ஒன்று இருபது ரூபாய்" என்கிறார். 240 ரூபாய்! கிட் என்று பெயர் போட்டுவிட்டுக் கிளிப்பைத் தனியாக விற்பது தாலியைக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்குக் காசு கேட்பது மாதிரி. பெட்டியின் பக்கவாட்டில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் அச்சிட்டிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வரிவரியாக, சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் கிளட்ச் பிளேட் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். பன்னிரண்டு கிளிப்பும் மேஜை டிராயரிலிருந்து வெளியே வந்தன. ஒரு பைசா கொடுக்கவில்லை. பழையதையே போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் எழுதுவீர்கள். கூடவே கூடாது. கழற்றிய கிளிப்புக்கு விறைப்பு போயிருக்கும். ஓடும்போது அது கழன்றால் பின் நழுவி லைனரைக் கீறிப் பிளந்துவிடும். இருபது ரூபாய்ச் சாமானுக்காக முழு இன்ஜின் போகும்.

அளவு எடுத்ததைச் சொல்லவில்லையே! அந்தக் கடையிலேயே ஒருவர் வெர்னியரைத் தூக்கி பிஸ்டன் தலையில் வைத்து "97 வரவில்லையே" என்று முகத்தைச் சுளித்தார். தலை சின்னதாகத்தான் இருக்கும், ஐயா. சூடு அதிகம் ஏறுவது அங்கேதான், விரிய இடம் விட்டிருக்கிறார்கள். பாவாடைப் பகுதியும் முழு வட்டம் அல்ல, லேசான நீள்வட்டம். பின் இருக்கும் திசைக்குக் குறுக்கே, பாவாடையின் கீழ்ப்பக்கம் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெர்னியர் இதற்கு ஆகாது.

அதுவும் நம் வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அளக்காதீர்கள். கணக்குப் போடுங்கள். வெயிலில் கிடந்த பிஸ்டனும் நிழலில் இருந்த லைனரும் 20 டிகிரி வித்தியாசப்பட்டால், 97 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 0.04 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே நாம் தேடுகிற இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்! பாதிக் கணக்கு வெயிலில் போய்விடும். நாங்கள் பிஸ்டனையும் லைனரையும் ராத்திரி ஒரே அறையில் வைத்துவிட்டு விடிந்ததும் அளந்தோம். ஆறையும் எடையும் போட்டோம். மளிகைக் கடைத் தராசுதான், கிராம் காட்டும். ஆறும் ஒன்றுக்கொன்று நெருங்கியே நின்றன, எனக்குத் திருப்தி.

ரிங் விஷயம் பழைய வீடியோவில் இருக்கிறது, சுருக்கமாகப் போகிறேன். ரிங்கை லைனரில் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, பீலர் கேஜ் தகட்டை விட்டு வாய் இடைவெளி, அதாவது ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி, பாருங்கள். "டாப்" என்ற எழுத்து மேலே. ரிங்குகளின் வாய்கள் ஒரே கோட்டில் நிற்கக்கூடாது.

ஐயோ, பழைய பிஸ்டனைக் காட்டாமலே போகப் பார்த்தேன். இதோ, நான்காவது சிலிண்டர். தலையின் ஓரம் எலி கடித்த மாதிரி கரைந்திருக்கிறது, பாருங்கள். இந்த அலுமினியம் 570 டிகிரி பக்கத்தில் உருக ஆரம்பிக்கும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறும் மலைப்பாதையில் முழு லோடோடு கரும்புகை தள்ளியது என்று வண்டிக்காரர் சொன்னபோதே அப்பா சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாசில்களைக் கழற்றினார். டெஸ்ட் பெஞ்சில் போட்டால் மற்ற ஐந்தும் புகையாகத் தூவுகின்றன, நான்காவது மட்டும் சொட்டுகிறது. சொட்டிய டீசல் பிஸ்டன் தலையிலேயே எரிந்திருக்கிறது. அந்த நாசிலை மாற்றாமல் தங்கத்தில் பிஸ்டன் போட்டாலும் மறுபடி கரையத்தான் செய்யும். வண்டிக்காரர் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "நாசில் என்ன விலை?" என்று கேட்டார். ஆறும் மாற்றச் சொல்லிவிட்டேன். பேரம் இன்னும் நடக்கிறது.

திங்கட்கிழமை ஹெட் ஏற்றுகிறோம். முதல் ஸ்டார்ட்டைப் பதிவு செய்து போடுகிறேன். கம்ப்ரஸர் நின்றுவிட்டது, அப்பா கூப்பிடுகிறார், வருகிறேன்.