அந்த முழங்காலுக்கு யார் கையெழுத்து வைப்பது?

நடுவர் ஐயா, அவையோரே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் கட்டணமில்லாத கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க, 'இவர்கள் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவர்கள்' என்று பங்குத்தந்தை கொடுக்கும் சான்று தேவையா? தேவையே இல்லை என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி, 'முழங்காலில் நின்றால் பள்ளிக் கட்டணம் மிச்சம்' என்று இங்கே வெள்ளைக்காரர் அடிக்கும் கேலியைச் சொல்லி, "சீட்டுக்காக முழங்கால் போடுகிற கூட்டத்தை வடிகட்ட ஒரு தாள் வேண்டாமா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, நான் ஒரு முழங்காலைக் காட்டுகிறேன்.

வட லண்டனில் எங்கள் பங்கில் ஒரு தாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை. சனி இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் பஸ் பிடித்து ஒன்பது மணிப் பூசைக்கு வருவாள். கோட்டுக்குள் வேலை உடுப்பு. கணவர் மகனை வாசலில் விட்டுவிட்டுத் தன் வேலைக்கு ஓடுவார். கோயிலில் இவளுக்குக் கடைசி வாங்கு, கடைசி பெஞ்சு. பூசை முடிந்து ஃபாதர் வாசலில் கைகுலுக்கும்போது இவள் பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். சின்னவள் பக்கத்து வீட்டில் அல்லவா?

செகண்டரிப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. அதற்கு முந்திய ஞாயிறு, சான்றுத் தாளோடு ஃபாதர் முன்னால் நிற்கிறாள். குறைந்தது ஐந்து வருடம் ஞாயிறும், கட்டாயம் பூசை காணவேண்டிய கடன் திருநாளும் பூசை கண்டிருக்க வேண்டும் என்கிறது தாள். ஃபாதர் இந்தப் பங்குக்கு வந்தே ஒரு வருடம்!

"ஃபாதர், கடைசி வாங்கில இருக்கிறனான்."

அவர் முகத்தைப் பார்க்கிறார். ஞாபகம் வரவில்லை.

"இண்டைக்கு நீங்கள் சொன்ன பிரசங்கத்தைச் சொல்லட்டுமா ஃபாதர்?"

சொல்கிறாள் அவையோரே! பிரசங்கம் எதைப்பற்றித் தெரியுமா? செபிக்கப் போன இருவரைப்பற்றி இயேசு சொன்ன உவமை. முன்னால் நின்று பெருமை பேசிய பரிசேயன். தூரத்தில் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன். யாருடைய செபம் கேட்கப்பட்டது? தூரத்தில் நின்றவனுடையது! அதைக் கடைசி வாங்குக்காரி சொல்கிறாள், கையில் வெறுந்தாளோடு.

"அம்மா, ஐந்து வருடத்துக்கு நான் எப்படி மனச்சாட்சியோடு கையெழுத்து வைப்பேன்?" என்கிறார் ஃபாதர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். போகவே முடியாத ஞாயிறுகள் கணக்கில்லை என்று அந்தத் தாளிலேயே இளக்கம் உண்டு. அந்த இளக்கம் முகம் தெரிந்தவர்களுக்குத்தானே போய்ச் சேருகிறது?

இடத்துக்குப் போட்டி என்றால் வேறு வழி ஏது என்கிறீர்கள். ஞானஸ்நானச் சான்று இருக்கிறது, வீட்டுத் தூரம் இருக்கிறது, குலுக்கல் இருக்கிறது. அது போதும்.

மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்குப் போகிறான். தம்பி, அது சீட்டுக்காகப் போட்ட முழங்கால் என்றால் அன்றோடு எழும்பியிருக்க வேண்டுமே?

போன ஞாயிறு பார்த்தேன். அதே கடைசி வாங்கு, கோட்டுக்குள் அதே நீல உடுப்பு. முழங்காலில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்ததும் மகன் மெல்ல அவள் தோளைத் தொட்டான்.