புனுவலின் மூன்று விருந்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

விருந்து முடிந்து நடுநிசி தாண்டிவிட்டது. கதவு திறந்தே கிடக்கிறது, யாரும் மறிக்கவில்லை. ஆனால் விருந்தாளிகளில் ஒருவருக்கும் அந்தக் கூடத்தின் வாசலைத் தாண்டிக் கால் வரவில்லை. ஸ்பெயினில் பிறந்த இயக்குநர் லூயிஸ் புனுவல் 1962-இல் மெக்சிகோவில் எடுத்த ‘தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்’ படத்தின் கதை இவ்வளவுதான். பத்து வருடம் கழித்துப் பிரான்சில் ‘தி டிஸ்கிரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி’ எடுத்தார். அதில் ஆறு பேர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வருகிறது. 1974-இல் ‘தி ஃபேன்டம் ஆஃப் லிபர்ட்டி’. அதில் கதை யாரிடமும் தங்குவதில்லை. ஒருவரைப் பின்தொடர்ந்து வருவோம். அவர் வேறொருவரைச் சந்தித்ததும் கேமரா புது ஆளோடு போய்விடும். வசதிக்காக இவற்றை ஏஞ்சல், டிஸ்கிரீட் சார்ம், ஃபேன்டம் என்றே சொல்கிறேன்.

மூன்றும் மேல்தட்டு மனிதர்களைக் கேலி செய்யும் கனவுத்தன்மையான நகைச்சுவைகள். மூன்றிலும் முறை ஒன்றுதான்: அன்றாட வாழ்க்கையின் விதிகளில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிடுவது. எந்த விதியைக் கழற்றினார் என்பதில்தான் படத்துக்குப் படம் வித்தியாசம்.

ஏஞ்சலில் கழன்றுபோனது ‘கிளம்புவது’. அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொன்றும் கணக்குப் பிசகாமல் நடக்கிறது. முதலில் குடிக்கத் தண்ணீர் தீர்கிறது. சுவரை உடைத்துக் குழாயிலிருந்து பிடிக்கிறார்கள். ஓர் அலமாரி கழிப்பிடம் ஆகிறது. நோயாளி ஒருவர் இறக்க, உடலை இன்னொரு அலமாரியில் வைக்கிறார்கள். வேடிக்கைக்காக வீட்டுக்காரி வரவழைத்திருந்த ஆடுகள் கூடத்துக்குள் வந்ததும் அவற்றை அறுத்து, அறையிலேயே தீ மூட்டிச் சுடுகிறார்கள். காரணம் சொல்லாத படம், விளைவுகளில் இத்தனை கறாராக இருப்பதால்தான் நாம் நம்புகிறோம்.

இந்தப் படத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். விருந்தாளிகள் வீட்டுக்குள் நுழைந்து மாடிக்கு ஏறும் காட்சி இரண்டு முறை வருகிறது. எடிட்டிங் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்; இரண்டாவது முறை கேமரா வேறு கோணத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் மதுக்கோப்பையை உயர்த்திப் பேசுவதும் இரண்டு முறை. முதல் தடவை எல்லோரும் மரியாதையாகக் கேட்கிறார்கள், அடுத்த தடவை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டு ஆண்கள் மூன்று முறை அறிமுகமாகிறார்கள். ஒரு தடவை முன்பின் தெரியாதவர்களாக, ஒரு தடவை நெடுநாள் நண்பர்களாக, ஒரு தடவை ஆகாதவர்களாக. இப்படி இன்னும் பல இடங்கள் படத்தில் இருக்கின்றன. கடைசியில் விடுதலை கிடைப்பதும் இதே வழியில்தான். முதல் இரவில் யார் எங்கே இருந்தாரோ அதே இடத்தில் இப்போதும் இருக்கிறார் என்று ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். அன்று பேசியதையே திரும்பப் பேசியதும் வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் அரைமணி நேரத்தில் இந்தத் திரும்பல்களைத் தவறவிட்டவர்களுக்கு இந்த முடிச்சு அவிழும் இடம் சப்பென்றுதான் இருக்கும்.

டிஸ்கிரீட் சார்ம் இதைவிட இலகுவானது, என் கணிப்பில் மூன்றிலும் முழுமையானதும் அதுதான். தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மன் சொன்ன ஒரு சம்பவம்தான் வித்து: ஆட்களைச் சாப்பிட அழைத்துவிட்டு, மனைவியிடம் சொல்ல மறந்துபோனது. அதைப் புனுவலும் திரைக்கதையாசிரியர் ழான்-குளோத் கரியேரும் ஐந்து முறை எழுதிப் பார்த்தார்கள். ஏன் ஐந்து முறை என்பது படத்தைப் பார்த்தால் புரியும். தடங்கல்கள் படிப்படியாக ஏறுகின்றன. முதலில் தேதிக் குழப்பம், நடக்கக்கூடியதுதான். அடுத்து ஓர் உணவகம். பக்கத்து அறையில் அதன் உரிமையாளரின் பிணம். பிறகு தேநீர்க் கடையில் தேநீரும் இல்லை, காபியும் இல்லை. அதற்குப் பிறகுதான் கனவுகள். கர்னல் வீட்டு விருந்தில் பரிமாறும் கோழி பொய்க்கோழி. திரை விலகினால் அவர்கள் ஒரு நாடக மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரே பார்வையாளர் கூட்டம். வசனம் எடுத்துக்கொடுப்பவர் கீழிருந்து கிசுகிசுக்கிறார்; ஒருவருக்கும் வசனம் தெரியாது. ஒருவர் விழித்து, நிஜ விருந்துக்குப் போகிறார். அங்கே துப்பாக்கி வெடிக்கிறது. அப்போது இன்னொருவர் விழிக்கிறார்; முதல் ஆள் கண்ட கனவே இவர் கனவுக்குள்தான் நடந்திருக்கிறது. இந்தக் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே வந்திருந்தால் ‘எல்லாம் கனவுதானே’ என்று நாம் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். நிஜத் தடங்கல்களை நம்பவைத்த பிறகு வருவதால் கால் நழுவுகிறது.

இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. நடிகர்கள் யாரும் சிரிப்பு வரவழைக்க முயல்வதில்லை. பெர்னாண்டோ ரே தூதராக வந்து, கொக்கெய்ன் கடத்தலையும் வானிலையையும் ஒரே குரலில் பேசுகிறார். குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வினோதம் வரும் இடத்தில் கேமராவைச் சாய்க்கிறார்கள், விசித்திரமான இசை போடுகிறார்கள், நடிகரைக் கண் விரிக்கச் சொல்கிறார்கள். ‘இது வினோதம்’ என்று படமே அறிவித்துவிட்டால் பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? இன்னொரு தவறு, ஒரே காட்சியில் மூன்று விதிகளை மாற்றுவது. எது இயல்பு என்றே தெரியாமல் போனபின் எதுவும் மீறலாகத் தோன்றாது.

ஃபேன்டம் அந்த வகையில் நல்ல பாடம், ஏனென்றால் அதில் தரம் ஏறி இறங்குகிறது. விதி கச்சிதமாக இருக்கும் அத்தியாயங்கள் அபாரம். காணாமல் போன சிறுமியைப் பற்றிப் புகார் கொடுக்கப் பெற்றோர் போலீஸிடம் போகிறார்கள். அந்தச் சிறுமியும் கூடவே நிற்கிறாள். அதிகாரி அவளைப் பார்த்தே அடையாளங்களைக் குறித்துக்கொள்கிறார். இன்னொரு வீட்டில் விருந்தாளிகள் மேசையைச் சுற்றிக் கழிப்பறைப் பீங்கான்களில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பசித்தவர் வெட்கத்தோடு எழுந்து, தனியறையில் தாழிட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். ஆனால் விடுதியில் துறவிகள் சீட்டாடும் பகுதி போன்றவற்றில் ஆட்கள் வந்து போகிறார்கள், விதி எது என்று பிடிபடுவதில்லை. படம் அங்கே தளர்கிறது.

பார்க்க நினைப்பவர்கள் 1972 படத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து 1962, கடைசியாக 1974. மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குபவை. ஏஞ்சலில் வரும் கரடிக்கு என்ன அர்த்தம் என்று தேடி இணையத்தில் இறங்காதீர்கள். அந்த நேரத்தில் முதல் இருபது நிமிடங்களைத் திரும்ப ஓட்டி, வேலைக்காரர்களை மட்டும் கவனியுங்கள். விருந்து தொடங்கும் முன்பே அவர்கள் ஒவ்வொருவராக ஏதோ சாக்குச் சொல்லி வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.