விலைக்கு வராத பட்டறைகள்

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூரில் தணிக்கையாளராகப் பணிபுரியும் என்னிடம், கையில் ஓரளவு பணமும் தொழில் செய்யும் ஆவலும் உடையவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. புதிதாகத் தொடங்குவதைவிட, நொடித்துக் கிடக்கும் தொழிலையோ, நடத்த வாரிசு இல்லாத குடும்பத் தொழிலையோ வாங்கிவிடலாமே, அவை எங்கே கிடைக்கும் என்பதுதான் அது. நான் நெருங்கி அறிந்த வார்ப்படப் பட்டறைகளை, அதாவது நம்மூர் வழக்கில் பவுண்டரிகளை வைத்தே இதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது நாளிதழ்களில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளை. வாராக்கடனுக்கு ஈடான சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி, கடனாளிக்கு 60 நாள் கெடு கொடுத்த பின்னரே வங்கி சொத்தைக் கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அந்த அறிவிப்பு வெளிவரும் நேரத்தில் அங்கே எஞ்சியிருப்பவை நிலமும் கட்டடமும் துருவேறிய உலையும்தான். தொழில் எப்போதோ வெளியேறியிருக்கும். வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் பக்கத்துப் பட்டறையில் சேர்ந்திருப்பார்கள், வார்ப்புகளை வாங்கிவந்த பம்ப் கம்பெனிக்காரர்களும் ஆர்டரை வேறிடத்துக்கு மாற்றியிருப்பார்கள். போதாக்குறைக்கு, 'உள்ளது உள்ளபடி' என்று அறிவிப்பில் இருக்கும் இரண்டு சொற்களுக்குள் பழைய மின்கட்டணப் பாக்கியும் ஒளிந்திருக்கலாம். முந்தைய உரிமையாளரின் பாக்கியைச் செலுத்தினால்தான் இணைப்பு என்று மின்வாரியங்கள் விதி வகுத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் வழியாக, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வரும் நிறுவனங்களை ஓடும் நிலையிலேயே வாங்க முடியும்; பழைய கடன்களின் சுமையும் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். அது நல்ல வழிதான். ஆயினும் தனி உரிமையாளர் நடத்துபவையும் கூட்டு வணிகமாக நடப்பவையும் அந்த வாசலுக்கு வருவதில்லை. நம் ஊரின் சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவை.

ஆகவே, வாங்கத் தகுந்த பட்டறை எந்த அறிவிப்பிலும் இருக்காது. விற்கப்போகிறோம் என்பது அதன் உரிமையாளருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். எழுபதை நெருங்கும் ஒருவர், இரண்டு ஷிப்டு ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டு மட்டும் ஓட்டிக்கொண்டு, சனிக்கிழமைக் கூலியை ஒரு வாரமும் தவறவிடாமல், பத்தாண்டுகளாகப் புதிய இயந்திரம் எதுவும் வாங்காமல் இருக்கிறார் என்றால், அவர் நொடித்தவர் அல்லர். தமக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாதவர். மகனைப் பற்றிக் கேட்டால், "படிச்சு முடிச்சு வந்து பாத்துக்குவானுங்க" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவர், ஒருநாள் "அவன் அங்கயே செட்டில் ஆயிட்டானுங்க" என்று சொல்வார். அந்த நாளில் அவரருகில் இருப்பவருக்கே அந்தப் பட்டறை கிடைக்கும்.

அந்தச் சொல் யார் காதில் முதலில் விழும்? எங்களைப் போன்ற தணிக்கையாளர்களின் காதில் விழும். ஆனால் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டோம், தொழில் நெறி இடம் கொடுக்காது. உங்கள் விருப்பத்தை நாங்கள் உரியவரிடம் சொல்லிவைக்கலாம், அவ்வளவே. எங்களைவிட முன்னதாக அறிபவர் வார்ப்புக்கு மூலப்பொருளான பன்றி இரும்பும் (பிக் அயர்ன்) கரியும் சப்ளை செய்பவர். 45 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 90 நாளானால், அது கடனின் அறிகுறி. பணம் சரியாக வந்து, சரக்கு மட்டும் ஆண்டுதோறும் குறைந்தால், அது முதுமையின் அறிகுறி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய இரும்பு வியாபாரிக்கும் தகவல் வரும்; ஆனால் அவரிடம் அது வந்து சேரும்போது நீங்கள் தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள்.

எடுத்த எடுப்பில் போய் விலை கேட்பது அவமதிப்பு. நான் கண்டவரையில் காரியம் கைகூடியது, முதலில் வாடிக்கையாளராகப் போனவர்களுக்குத்தான். ஆறு மாதம் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வார்த்துத் தரும் வேலை, கொடுத்துப் பாருங்கள். வார்ப்பில் எத்தனை சதவீதம் கழிவாகிறது, போர்மேன் இல்லாத நாளில் வேலை நடக்கிறதா என்பவற்றையெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாத அளவுக்குத் தெரிந்துகொள்வீர்கள். பேச்சு தொடங்கிய பின், 24 மாத மின்கட்டண ரசீதுகளைக் கேளுங்கள். இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் இரும்பை உருக்கக் கூடக்குறைய 600 யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதால், சொல்லப்படும் உற்பத்தி உண்மைதானா என்பதை ரசீதே காட்டிவிடும். அலமாரி நிறைய அடுக்கியிருக்கும் பேட்டர்ன்களை, அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரிகளை, சொத்தாக எண்ணி மகிழ வேண்டாம். அவற்றில் பல வாடிக்கையாளர்களுக்கு உரியவையாக இருக்கும். வருங்கால வைப்புநிதிப் பாக்கியும் ஜிஎஸ்டி பாக்கியும் தொழிலை வாங்குபவரையும் தொடரும் என்பதால், அவற்றின் செலுத்துச் சீட்டுகளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் நிலத்தில் வந்து நிற்கும் பேரங்களே அதிகம். தொழில் அப்பாவின் பெயரில் இருக்கும், நிலமோ தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். கூட்டுக்குடும்பச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இலேயே பங்கு அளித்தது. 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் அதனை எல்லா மகள்களுக்கும் விரிவாக்கியது. பட்டறைப் பக்கமே வராத சகோதரிகளைப் பற்றி அண்ணன் தம்பிகள் பேச்சுவாக்கில்கூடக் குறிப்பிடுவதில்லை. என்னிடம் வந்த ஒருவர், விலை பேசி முன்பணமும் கொடுத்த பிறகு, வில்லங்கச் சான்றோடு வாரிசுச் சான்றையும் எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் பட்டறை உரிமையாளருக்கு இரண்டு சகோதரிகள் இருப்பது தெரிந்தது. ஈரோட்டிலிருந்த மூத்தவரின் கையெழுத்து ஒரே வாரத்தில் கிடைத்தது. இளையவர், அண்ணன் நேரில் வந்து கேட்டால்தான் போடுவேன் என்றார். அண்ணன் நேரில் போய்க் கேட்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.