மலைத் தீக்கு ஒரு மகமை: ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு நிதி திரட்டும் முறை

[காட்சி: இரவு. பாலமேட்டுப் பக்கமிருந்து தெரியும் சிறுமலை என்னும் மலைத்தொடர். சரிவில் செந்நிறக் கோடு ஒன்று நகர்கிறது.]

வணக்கம். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், வாடிப்பட்டி, பாலமேடு வட்டாரத்தில் இரவில் மொட்டை மாடியில் நிற்பவர்களுக்குச் சில நாட்களில் இந்தச் செந்நிறக் கோடு தெரியும். கீழே நிற்பவர்களுக்கு அது தொலைவில் தெரியும் ஒரு கோடு. மேலே குடியிருப்பவர்களுக்கோ அது காப்பிச் செடியையும் மிளகுக் கொடியையும் மாட்டுத் தொழுவத்தையும் நோக்கி வரும் நெருப்பு. வனத்துறைக் காவலர்களோடு சேர்ந்து அதை அணைக்க முதலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மக்களே. அவர்கள் கையில் என்ன கருவி இருக்கிறது, அதற்கான பணத்தை யார் தர வேண்டும், எப்படித் திரட்ட வேண்டும் என்பதை இந்தக் காணொளியில் பார்ப்போம்.

101 என்ற எண்ணை அழைத்தால் தீயணைப்பு வண்டி வரும். ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைச் சுமக்கும் அந்த வண்டி, தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். பாரத்தைக் குதிரையின் முதுகில் ஏற்றிச் செல்லும் வழக்கம் சிறுமலையில் இருப்பதே அதனால்தான். நெருப்போ பாதை பார்ப்பதில்லை. சரிவில் எரியும் தீயின் சுவாலை, மேலே உள்ள புல்லின் மீது சாய்ந்து, அதை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. அதனால் சரிவு 10 டிகிரி கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்து, 20-க்கும் மேற்பட்டோரின் உயிர் பிரிந்ததை நாம் மறக்கவில்லை. அன்று முதலில் மேலே ஓடியவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள். கருவி எதுவும் இல்லாமல் ஓடினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

[காட்சி: உலக வரைபடம்.]

தீயணைப்பை ஊரே தாங்கும் வழக்கம் வேறு நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. சிலி நாட்டில் தீயணைப்போர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அமெரிக்காவிலும் தீயணைப்போரில் பெரும்பகுதியினர் தன்னார்வலர்களே. அங்குள்ள மலையூர்களில் காலை விருந்து வைத்தும், சாலைச் சந்திப்பில் தீயணைப்போரின் பூட்ஸை நீட்டி நன்கொடை கேட்டும் பணம் சேர்க்கிறார்கள். நம் மாநிலத்தில் தீயணைப்பு அரசுத் துறை. ஊர்க்குழு அதற்கு மாற்று ஆகாது, துணையாகவே இருக்க முடியும்.

ஆனால் பணம் சேர்க்கும் முறையை அங்கிருந்து நாம் கற்க வேண்டியதில்லை. மதுரை, விருதுநகர் வட்டார வணிகர்கள், விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையை மகமையாக ஒதுக்கி, கோயிலும் பள்ளியும் தண்ணீர்ப் பந்தலும் நடத்தியவர்கள். மகமையின் வலிமை தொகையின் அளவில் இல்லை. அது தவறாமல் வருவதில் இருக்கிறது. தீ பிடித்த வாரத்தில் உண்டியல் குலுக்கினால் பணம் குவியும், ஆனால் அந்தப் பணத்தில் வாங்கும் கருவி மழைக்காலத்தில்தான் ஊர் வந்து சேரும். ஆகவே, மலையிலிருந்து இறங்கும் வாழைத்தாருக்கும் காப்பி மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை, வாங்கும் வணிகரும் விற்கும் விவசாயியும் ஆளுக்குப் பாதியாக ஒதுக்குவதே நிலைத்த வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமவெளியில் இருப்பவர்கள் இதில் ஏன் சேர வேண்டும்? சிறுமலையில் பெய்யும் மழைதான் சாத்தையாறு அணைக்கு வருகிறது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையைத்தான் மதுரை குடிக்கிறது. சருகும் புல்லும் எரிந்துபோன சரிவில் மழை ஊறுவதில்லை. மண்ணை வாரிக்கொண்டு ஓடிவந்து அணையில் வண்டலாகப் படிகிறது. மலைத் தீக்கு நாம் தரும் மகமை, நம் குடிநீருக்கு நாமே தரும் காசு.

[காட்சி: சாவடித் திண்ணையில் பரப்பி வைத்த கருவிகள்.]

இனி, என்ன வாங்குவது என்பதைத் தீக்குள் போகிறவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுப்பவர்களுக்குப் பெரிய இயந்திரத்தின் மீது ஆசை வரும். போகிறவர்களுக்கோ நல்ல பூட்ஸ் வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை வேண்டும், ஏனெனில் பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நெற்றி விளக்கு, தோல் கையுறை, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத மலை மடிப்புகளில் ஒருவரையொருவர் அழைக்க விசில், தீக்காய முதலுதவிப் பெட்டி ஆகியவை அடுத்து வர வேண்டும். சருகை ஒதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட இரும்பு வாரி நான்கைந்து இருந்தாலே, பச்சைக் கிளையை ஒடித்து அடிக்கும் வேலை பாதியாகக் குறையும். முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பான் வாங்கினால், அது பூச்சிமருந்து படாத புதியதாக இருக்கட்டும். 16 லிட்டர் நீர் என்பது 16 கிலோ எடை. அதைச் சுமந்து செங்குத்தாக ஏறுகிறவரின் மூச்சில் மருந்து ஆவி கலக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் போதும். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 பேர் கொண்ட குழுவுக்கு ஆண்டுக்கு 400 ரூபாய்தான் ஆகிறது. இதைக்கூடச் செய்யாமல் ஒருவரைத் தீயின் முன் அனுப்ப எந்த ஊருக்கும் உரிமை இல்லை.

பணம் தனி மனிதர் கணக்கில் இருக்கக் கூடாது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து, இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டுடன் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். நன்கொடைக்கான 80ஜி சான்றை வருமான வரித்துறையிடம் பெற்றால், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் தீயணைக்கச் செல்வது வனச்சரக அலுவலருக்குத் தெரிவித்து, அவர் சொல்லும் முறைப்படி மட்டுமே நடக்க வேண்டும். வரும் தீக்கு எதிரே நாமே தீ வைத்துப் புல்லை முன்கூட்டி எரித்துவிடும் எதிர்த்தீ முறையில் அணைக்கலாம் என்று யாரும் தாமாக முயலவே கூடாது. குழுவில் ஓரிருவர் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் தீ எச்சரிக்கைக்குக் கைபேசி எண்ணைப் பதிவு செய்து வைத்திருப்பது நல்லது.

[காட்சி: தைப்பொங்கல் முடிந்த ஊர்க்கூட்டம். ஒருவர் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார்.]

கார்த்திகையில் மகமையைக் கணக்கெடுத்து, மார்கழியில் கருவிகளை வாங்கி, தைப்பொங்கல் முடிந்ததும் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கே பூட்ஸைப் போட்டுப் பாருங்கள், தெளிப்பானில் நீர் நிரப்பித் தோளில் ஏற்றிப் பாருங்கள். அளவு பொருந்தாததை மாற்றிக்கொள்ள மாசி பிறக்கும் வரை நேரம் இருக்கும்.