மூன்று வடைக் கணக்கு

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, பாய் விரித்து இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். மணி ஒன்பதரை ஆகிறது. வணக்கம் இவ்வளவுதான்.

'சரிவிகிதச் சத்துள்ள காலை உணவு இட்லியா, ஓட்ஸா?' என்பது தலைப்பு. நான் இட்லிக்காக வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "இட்லி வெறும் வெள்ளை மாவு உருண்டை, நாலு தின்றால் பத்து மணிக்கே கொட்டாவி" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். தட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். மூன்றாவது வரிசை, நீலச் சட்டை. இனிமேல் அவர் கதையைச் சொல்லாமல் விடுவேனா?

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வந்தது. மறுநாளே மனிதர் ஓட்ஸ் டப்பாவும் அளவுக் கரண்டியுமாக வந்து நின்றார். மூன்று கரண்டி ஓட்ஸ், ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு சிட்டிகை உப்பு. பால் கிடையாது, பருப்பு கிடையாது, ஒரு துண்டு காய் கிடையாது. குடிக்கும்போது முகத்தைப் பார்க்கணுமே! விளக்கெண்ணெய் குடித்த பிள்ளை தோற்றுப்போகும். நான் இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி வருகிற பக்கம்கூடத் திரும்ப மாட்டார். இப்படியே ஒரு மாதம். எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது!

ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்தார். மாத்திரை வாங்கப் போனேன். அவருடைய ஆபீஸ் முனையில் இருக்கும் டீக்கடை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "சார் வரலையாம்மா? மூணு வடை எடுத்து வச்சிருக்கேனே!"

மூன்று வடை, நடுவர் அவர்களே! ஒன்று என்றால் சபலம். இரண்டு என்றால் பசி. கேட்காமலே மூன்றை எடுத்து வைக்கிறார் என்றால், அது மாதக் கணக்கு. நோட்டில் பேரே இருந்தது. என்ன வடை தெரியுமா? உளுந்து வடை! வீட்டில் ஆவியில் வெந்த உளுந்து ஆகாது, கடையில் எண்ணெயில் வெந்த உளுந்து மட்டும் ஆகுமாம்.

சரி தம்பி, உங்களிடம் வருகிறேன். ஓட்ஸில் நல்ல நார்ச்சத்து உண்டு. பால் ஊற்றி, நாலு வேர்க்கடலை போட்டு, ஒரு பழமும் சேர்த்தால் அதுவும் நல்ல சாப்பாடுதான். நடுவர் இதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மாவு உருண்டை என்றீர்களே, அரிசியில் லைசின் என்கிற புரதக் கூறு குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைகிற மெத்தியோனின் என்கிற இன்னொரு புரதக் கூறை அரிசி ஈடுகட்டும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டால், இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடுகிற பைட்டேட் என்கிற பொருளும் குறையும். அதற்கு மேல் துவரம்பருப்பும் முருங்கைக்காயும் மிதக்கிற சாம்பார். எட்டு இட்லிக்கு ஒரு கரண்டித் தண்ணிச் சாம்பார் ஊற்றித் தின்றுவிட்டு, கொட்டாவிப் பழியை இட்லி மேல் போட்டால் எப்படி? மூன்றாவது வரிசையில் சிரிக்க வேண்டாம். வடையை நான் மறக்கவில்லை.

நான் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முன்பெல்லாம் பிரேயரில் பிள்ளைகள் மயங்கி விழும். "என்னடா சாப்பிட்ட?" என்றால், "டீயும் வர்க்கியும் டீச்சர்" என்பார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-இல் எங்கள் பள்ளிக்கும் வந்தது. புதன்கிழமை பொங்கலும் காய்கறி சாம்பாரும். அரிசி, பருப்பு, காய், அதே கூட்டணிதான்.

அப்படி ஒரு புதன்கிழமை. வரிசைக் கடைசியில் ஒரு பிள்ளை, சாம்பாரில் வந்த கேரட்டை எல்லாம் தட்டின் ஓரத்தில் சேர்த்து வைத்திருந்தாள். பிடிக்காமல் ஒதுக்கியது இல்லை, கடைசியில் தின்பதற்காம். அவள் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே பூப் பறிக்கப் போய்விடுவார். நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், நீங்க சாப்டீங்களா?" என்றாள்.

அன்றைக்குக் காலையில் பதினாறு இட்லி அவித்தேன். பிள்ளைகளுக்கு டப்பாவில், மாமியாருக்குத் தட்டில். ஏழே கால் பஸ்ஸுக்கு ஓடி வந்த என் வயிற்றில் ஒரு காபிதான் இருந்தது. "சாப்ட்டேன்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினாள். கேரட் இருக்கிற பக்கத்தை.

எடுத்துத் தின்றேன், நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துகொள்கிறேன்.