லிவியாதான் யார் பக்கம்?

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி. மைக்கை நம்பிப் பேசுகிற ஆள் நான் இல்லை, கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில் தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் நடக்கும். ஆளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். ஒருநாள் என் முறைக்கு யோபு 41 வந்தது. லிவியாதானைத் தூண்டிலால் பிடிக்கக்கூடுமோ என்று ஆரம்பிக்கும். பத்து வயதுப் பையனுக்கு வேதத்தில் அதைவிட நல்ல அதிகாரம் கிடைக்காது. வாயிலிருந்து நெருப்புப்பொறி பறக்கிறது, மூக்கிலிருந்து புகை வருகிறது, இரும்பை வைக்கோல் மாதிரி நினைக்கிறது. வாசிப்பை நிறுத்திவிட்டு, "லிவியாதான்னா என்ன ஆச்சி?" என்று கேட்டேன். "பெரிய மீனு. நீ படி" என்றாள்.

ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் இருக்கிற பழைய தமிழ் வேதாகமத்திலேயே அந்த ஒரே எபிரெயச் சொல் மூன்று விதமாக வருகிறது. யோபுவிலும் ஏசாயாவிலும் லிவியாதான். 104ஆம் சங்கீதத்தில் திமிங்கலங்கள். 74ஆம் சங்கீதத்தில் முதலைகள். மூலத்தில் அங்கே 'லிவியாதானின் தலைகள்' என்று இருக்கிறது. ஒரு முதலைக்குப் பல தலை எப்படி என்று யோசித்துத்தான் முதலையையும் பன்மையாக்கினார்களோ என்னவோ.

முதலை என்பது நம்மவர்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1663இல் சாமுவேல் போஷார் என்ற பிரெஞ்சு அறிஞர் வேதத்தில் வரும் மிருகங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். லிவியாதான் முதலை, யோபுவில் வரும் தரை மிருகமான பிகெமோத் நீர்யானை என்று அதில் எழுதினார். இன்றைக்கும் பலர் அதையே சொல்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எகிப்தில் முதலையை எப்படிப் பிடிப்பார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். தூண்டிலில் பன்றிக்கறியைக் கோத்து ஆற்றில் விடுவார்கள். கரையில் உயிரோடு ஒரு பன்றியை வைத்து அடிப்பார்கள். அது கத்துகிற சத்தத்தைக் கேட்டு வருகிற முதலை தூண்டிலைக் கவ்விவிடும். தூண்டிலில் பிடிபடுகிற பிராணியைக் காட்டி, "உன்னால் தூண்டில் போட முடியுமா?" என்று கடவுள் யோபுவிடம் கேட்பாரா?

ஏசாயா இதைப் பாம்பு என்கிறார். இந்தப் பாம்பின் ஊர் எது என்பதற்கு ஒரு துப்பு கிடைத்தது 1928இல். சிரியாவின் கடலோரத்தில் ஒரு விவசாயியின் கலப்பை கல்லறை ஒன்றில் முட்டியது. மறுவருஷம் குளோட் ஷேஃபர் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். பக்கத்து மேடான ராஸ் ஷம்ராவில் உகாரித் என்ற பழைய நகரம் வெளியே வந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் தெய்வத்தின் கதை இருக்கிறது. ஆமாம், எலியா எதிர்த்து நின்ற அதே பாகால். அந்தக் கதையில் ஏழு தலைப் பாம்பு ஒன்று அடிபட்டுச் சாகிறது. அதன் பேர் லிதான், சிலர் லோதான் என்று வாசிக்கிறார்கள். அந்தப் பாம்புக்கு உகாரித் புலவர் கொடுத்த இரண்டு அடைமொழிகளும் ஏசாயா 27இல் அப்படியே இருக்கின்றன. நம் வேதாகமத்தில் அவை 'நீண்ட பாம்பு', 'கோணலான சர்ப்பம்'. உகாரித் அழிந்தது கி.மு. 1200ஐ ஒட்டி. ஏசாயா அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பாகாலைத் தள்ளிவிட்டவர்கள் பாகாலின் எதிரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் வேதத்துக்குள் இரண்டு லிவியாதான் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். ஒன்று, கடவுள் தலையை நொறுக்கிப்போட்ட லிவியாதான். தேவாலயத்தை எதிரி இடித்துவிட்டான், நீர் ஏன் சும்மா இருக்கிறீர் என்று புலம்புகிற 74ஆம் சங்கீதத்தில் அது வருகிறது. அன்றைக்கு அதை அடித்தீரே, இன்றைக்கு இவனை அடியும் என்கிற தொனி. இன்னொன்று, கடவுள் ஆசையாக வளர்க்கிற லிவியாதான். யோபுவில் அதைப் பற்றி அவர் பெருமை அடித்துக்கொள்கிறார். அதன் அங்கங்களை ஒவ்வொன்றாக வர்ணிக்கிறார், கொல்லப்போவதாக ஒரு வார்த்தை கிடையாது. 104ஆம் சங்கீதத்தில் அது கடலில் விளையாடுவதற்காகவே படைக்கப்பட்டது.

அரசியலுக்கு முதலாவதுதான் வசதி. எசேக்கியேல் பார்வோனைப் பார்த்து, ஆற்றின் நடுவே படுத்துக்கொண்டு இந்த நதி என்னுடையது, நானே உண்டாக்கினேன் என்று சொல்லும் வலுசர்ப்பமே என்கிறார். ராகாப் என்ற கடல் மிருகத்தின் பேர் எகிப்துக்கே பட்டப்பெயர் ஆனது. தானியேல் 7இல் நான்கு ராஜ்யங்கள் நான்கு மிருகங்களாகக் கடலிலிருந்து ஏறி வருகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் அந்தச் சிங்கம், கரடி, சிறுத்தை எல்லாவற்றையும் பிசைந்து ஒரே மிருகமாக்கியது. அதற்கு ஏழு தலை, பத்துக் கொம்பு.

அதன் இலக்கம் 666 என்றதும் ஹாலில் ஒரு சலசலப்பு வருமே, வந்துவிட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். எபிரெயத்தில் எழுத்துதான் எண். ரோமச் சக்கரவர்த்தி நேரோவின் பேரை நேரோன் கேசர் என்று எபிரெய எழுத்தில் எழுதுங்கள். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி நூன் 50. அப்புறம் கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டினால் 666. சில பழைய பிரதிகளில் இந்த எண் 616 என்று இருக்கிறது. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் துண்டு ஒன்றிலும் அப்படித்தான். நேரோன் என்பதை லத்தீன் வழக்கப்படி நேரோ என்று எழுதினால் ஒரு நூன் போய்விடும். 666இல் 50 கழித்தால் 616. ஆக, பிழையாகத் தெரிந்ததே கணக்குக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. சக்கரவர்த்தியின் பேரை வெளியே சொன்னால் கழுத்து போகிற காலத்தில், வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் புரியும்படி எழுதிய கிசுகிசு அது. பார்கோடிலும் தடுப்பூசியிலும் 666ஐத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நம் சொந்தக்காரர்கள் ஒருமுறை இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கலாம்.

எழுதியவர் மனதில் ரோம் இருந்தது. ஆனால் பேர் சொல்லாமல் எழுதினால் ஒரு தொல்லை. யார் வேண்டுமானாலும் யார் பேரையும் அதில் போட்டுக்கொள்ளலாம். 1522 செப்டம்பரில், போப்பை எதிர்த்துக் கிளம்பிய லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளியானபோது, ஓவியர் கிரானாக்கின் பட்டறையில் செய்த மரச்செதுக்குப் படங்களில் மிருகத்தின் தலையில் போப்பாண்டவரின் மூன்றடுக்குக் கிரீடம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரில் வந்த அடுத்த பதிப்பில் மேல் அடுக்குகளைச் செதுக்கி எடுத்துச் சாதாரணக் கிரீடமாக்கிவிட்டார்கள். 1534இல் முழு வேதாகமம் வந்தபோது மூன்றடுக்கு திரும்பி வந்தது. கத்தோலிக்கர்கள் சும்மா இருப்பார்களா? 1529இலேயே கொக்லேயுஸ் என்பவர் லூத்தருக்கு ஏழு தலை வரைந்து புத்தகம் போட்டுவிட்டார். நம் ஊர் சுவரொட்டிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒருவர்தான் மிருகத்தை எடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார், ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். ஸ்பெயினின் கடற்படை வருகிறது என்று இங்கிலாந்து நடுங்கிய 1588இல் பிறந்தவர். என் தாய் இரட்டைப் பிள்ளை பெற்றாள், நானும் பயமும் என்று அவரே எழுதியிருக்கிறார். உள்நாட்டுப் போர் நடந்தது, 1649இல் ராஜாவின் தலையை வெட்டினார்கள். பாரிஸில் ஒதுங்கியிருந்த ஹாப்ஸ் 1651இல் தன் புத்தகத்துக்கு 'லிவியாதான்' என்று பேர் வைத்தார். ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் இருக்க வேண்டுமானால் எல்லோரையும் அடக்குகிற ஒரே அதிகாரம் வேண்டும், அந்த அரசுதான் லிவியாதான் என்றார்.

அதன் முகப்புப் படத்தை போனில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு ராட்சத ராஜா எழும்புகிறார். ஒரு கையில் வாள், ஒரு கையில் பிஷப்பின் கோல். உச்சியில் லத்தீனில் யோபு வசனம், பூமியின்மேல் அதற்கு ஒப்பானது ஒன்றுமில்லை என்று. பாம்பும் இல்லை, மீனும் இல்லை. ராஜாவின் உடம்பை உற்றுப் பார்த்தால் கவசம் மாதிரித் தெரிந்ததெல்லாம் மனிதர்கள். முந்நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி ராஜாவின் முகத்தையே பார்த்து நிற்கிறார்கள். காற்றும் புக முடியாதபடி செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்று யோபுவில் வருமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கீழே இருக்கிற ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை, அங்கங்கே சில சிப்பாய்களும் வேறு ஓரிருவரும் மட்டும். ஊர் ஜனமெல்லாம் மேலே ராஜாவின் உடம்புக்குள் போய்விட்டது.

ஊர் அவரைப் பாராட்டவில்லை. 1665இல் கொள்ளைநோய், 1666இல் லண்டன் பெருந்தீ. யார் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று தேடிய நாடாளுமன்றம், நாத்திகப் புத்தகங்களை விசாரிக்கச் சொன்ன குழுவிடம் 'லிவியாதான்' பேரையும் சொல்லி அனுப்பியது. அப்புறம் ஹாப்ஸ் உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதி அதற்கு 'பிகெமோத்' என்று பேர் வைத்தார். அரசு கடல் மிருகம் என்றால் கலகம் தரை மிருகம். ராஜாவே அச்சிட அனுமதி தரவில்லை.

இந்த ஜோடியை இருபதாம் நூற்றாண்டில் இரண்டு ஜெர்மானியர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் 1938இல் ஹாப்ஸின் லிவியாதானைப் பற்றி எழுதினார். யூத மரபில் ஓர் அழகான கதை உண்டு. லிவியாதான் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் உலகமே தாங்காது என்று கடவுள் பெண்ணைக் கொன்று உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறார், கடைசி நாளில் நீதிமான்களுக்கு அதுதான் விருந்து. அந்த விருந்தை ஷ்மிட் கெடுத்தார். லிவியாதானும் பிகெமோத்தும் அடித்துக்கொண்டு சாக, யூதர்கள் ஓரமாக நின்று கறி தின்னக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம் பண்ணினார். அந்த வருஷ நவம்பரில்தான் ஜெர்மனியில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிந்தன. அமெரிக்காவுக்குத் தப்பிப் போன யூத வழக்கறிஞர் ஃபிரான்ஸ் நாய்மன் 1942இல் நாஜி ஆட்சியைப் பற்றித் தன் புத்தகத்தை எழுதி 'பிகெமோத்' என்று பேரிட்டார். இது அரசே இல்லை, சட்டமில்லாத கலகம் என்பது அவர் கட்சி.

கதைக்காரர்களிடம் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ரஷ்ய மொழியில் பெகெமோத் என்றால் நீர்யானை. ரஷ்ய எழுத்தாளர் புல்காகோவ் தன் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலில் பன்றி அளவுள்ள ஒரு கறுப்புப் பூனைக்கு அந்தப் பேரை வைத்தார். அது மாஸ்கோவில் டிராமில் ஏறிக் காசு நீட்டுகிறது. கண்டக்டரம்மா பூனைக்கெல்லாம் அனுமதி இல்லை என்று கத்துகிறாள். ஒரு பூனை டிக்கெட் எடுக்க வந்திருப்பது அவளுக்கு ஆச்சரியமாகப் படவில்லை, விதிமுறைதான் கண்ணில் படுகிறது. ஸ்டாலின் காலத்தைப் பற்றி அந்த ஒரு பக்கம் போதும். புல்காகோவ் 1940இல் செத்தார், நாவல் பத்திரிகையில் வெளிவர 1966 ஆனது, அதுவும் வெட்டுப்பட்டு.

2014இல் ரஷ்ய இயக்குநர் ஸ்வியாகின்ட்ஸெவ் எடுத்த 'லெவியத்தான்' படத்தில் மிருகம் எலும்புக்கூடாகக் கடற்கரையில் கிடக்கிறது. மேயர் ஒருவன் வீட்டைப் பிடுங்குகிறான். பாதிரியார் ஒருவர் வீட்டை இழந்தவனுக்கு யோபுவின் கதையைச் சொல்கிறார். கடைசியில் அந்த வீடு இருந்த இடத்தில் புதுத் தேவாலயம் நிற்கிறது, மேயர் குடும்பத்தோடு பிரசங்கம் கேட்கிறான். வாளும் கோலும் ஒரே ஆளின் கைகளில்.

இரண்டாவது லிவியாதானை நான் மறக்கவில்லை, கடவுள் வளர்க்கிற அதைத்தான் சொல்கிறேன். யூத மத ஆசிரியர்களான ரப்பிகளின் விவாதத் தொகுப்பு தல்மூத். அதில் ஒரு பேச்சு வருகிறது. பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதில் கடவுள் என்ன செய்கிறார்? முதல் மூன்று மணி நேரம் வேதம் படிக்கிறார். அடுத்த மூன்று, உலகத்துக்கு நியாயம் தீர்க்கிறார். அடுத்த மூன்று, பெரிய கொம்பு மாட்டிலிருந்து பேன் முட்டை வரை எல்லாவற்றுக்கும் சோறு போடுகிறார். கடைசி மூன்று மணி நேரம் லிவியாதானோடு விளையாடுகிறார்.

உடனே இன்னொரு ரப்பி குறுக்கே வருகிறார். எருசலேம் தேவாலயம் இடிந்த நாளிலிருந்து கடவுளுக்குச் சிரிப்பே கிடையாது என்கிறார். அப்படியானால் அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேள்வி. சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்று பதில்.

லிவியாதான் என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சாயங்கால வேளையில், கூட விளையாட ஆள் இல்லாமல், அது எங்கேயோ கடலுக்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.